நூற்றுப் பதினேழு பவுண்டு

ஜூன் 10, திங்கள்

அவசர நிலையைத் தளர்த்தி வோட்டு வைத்த வருஷம் அது. எங்கள் ஊருக்குக் கரண்டுக் கம்பம் நட்டு, கம்பி இழுக்காமல் விட்டுப் போனார்கள். மலையில் மூங்கில் பூத்து, எலி பெருகி, வீட்டுக் குதிரில் இருந்த கேழ்வரகில் பாதி எலிக்குப் போனது. பங்குனி பிறந்து முதல் சனிக்கிழமை. மறுநாள் வோட்டு எண்ணப்போகிறார்கள் என்று ஆற்றங்கரைத் தூண்டில் கேம்ப்பில் ரேடியோவுக்குப் புது பேட்டரிக் கட்டை போட்டு வைத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் காவிரியில், ஏழுபாறை மடுவில், அந்தப் பூமீன், கெண்டை ஜாதியில் பெரியது, கிடைத்தது. நூற்றுப் பதினேழு பவுண்டு. தூண்டிலில் வந்த மீன்களில் அதற்கு மேல் எடை இன்றுவரை தூண்டில் கழகத்துப் புத்தகத்தில் ஏறவில்லை.

பிடித்தவர் பெள்ளியப்பா துரை. குடகில் காப்பித் தோட்டக்காரர். பரிசல் போட்டவன் நான். பேர் மாது, வயது எண்பத்தி ஒன்று. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் அலமேலு எழுதுகிறாள். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கிறாள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள். உரக்கடையில் கொடுத்த டைரி.

எதற்கு எழுதுகிறோம் என்றால், பெங்களூரில் இருக்கும் தூண்டில் கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போன மாசம் ராகவ் என்று ஒருவர் ஒரு மீனைப் பிடித்து, டேப் வைத்து அளந்து, உயிரோடு விட்டுவிட்டாராம். கணக்குப் போட்டால் நூற்றுப் பத்து பவுண்டு வருகிறதாம். துரையின் மீன் போட்டோவில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, அந்த எடை பொய் என்று அவர் மனுப் போட்டிருக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சமாம். 26ஆம் தேதி வந்து விசாரிக்கிறார்கள்.

"தெனம் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுப்பா, எழுதி வெக்கறேன். அன்னிக்குக் கொழம்பாம இருக்கும்" என்றாள் அலமேலு.

"கொழம்பறவன் நானா? நீ பொறந்த அன்னிக்கு மருத்துவச்சி எத்தனை வெத்தல போட்டான்னு சொல்லட்டுமா?"

முதல் நாள் கணக்கு: காலை ஏழு மணிக்கு மடுவுக்குள் போனோம். கேழ்வரகு மாவு உருண்டைதான் இரை. பரிசலில் துரையும் நானும். என் தம்பி தீர்த்தகிரி கரையில் அடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்கு மீன் மாட்டியது. ஒன்றே கால் மணிக்குக் கரைக்கு வந்தது. புளியமரக் கிளையில் தராசு கட்டி நிறுத்தோம். அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

பிரஷர் மாத்திரை போட்டேன். சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

ரேஷன் கடையில் என் கட்டை விரலை மெஷின் எடுக்கவில்லை. துடுப்புப் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டது. எண்ணெய் துடைத்து, ஊதி, நாலு தடவை வைத்தும் சிவப்பு விளக்குதான். வரிசையில் எனக்குப் பின்னால் சாலம்மா நின்றாள். தீர்த்தகிரியின் பெண்சாதி. தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"மாமாவுக்கு என் கார்டுல சேத்துப் போடு சாமி. அப்புறம் பாத்துக்கலாம்" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

வரிசையில் நின்ற பெருமாள் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "இன்னா மாதண்ணா, பெங்களூர்லருந்து மீனை விசாரிக்க வராங்களாமே! மீனுக்கு வக்கீல் வெச்சாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அந்த மீன் வந்த கையோடதான தீர்த்தன் குடிச்சுட்டு ஆத்துல வுழுந்தான்? துரை இனாமாக் குடுத்ததை அப்பிடியே சாராயமா மாத்திட்டான்னு எங்கப்பன் சொல்லும்."

சாலம்மா எண்ணெய் டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். நாற்பத்தியேழு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். குடிகாரன் பெண்சாதி என்று அவளுக்கு இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

நான் அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

துரையின் மகன் நாணய்யா ஜீப்பில் வந்தார். சின்ன வயதில் என் பரிசலில் வாந்தி எடுத்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. அலமேலு போட்ட காப்பியை, "எங்கூட்டுக் காப்பியை விட நல்லா இருக்குது" என்று பொய் சொல்லிக் குடித்தார்.

"மாதண்ணா, விசாரிக்க வர்ற மேடம் தராசைப் பத்திக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க. எடை நெசந்தானே?"

"எடை நெசம் சின்ன தொர. அதுல ஒரு குந்துமணி கொறையாது."

"அது போதும். வேற எதுவும் இழுக்க வேணாம். பரிசல்ல நீங்களும் அப்பாவும் மட்டும். அப்பிடித்தானே?"

நான் தலையாட்டினேன். எழுந்து போகிறவர், வாசலில் நின்று செருப்பைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பாவுக்குக் கடைசில நெனவு தப்பிடுச்சு. உங்க தம்பி பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தார். தீர்த்தா, தீர்த்தான்னு. எதுக்குன்னு எங்களுக்குப் புரியல."

கழகத்துச் சட்டம் ஒன்றை இங்கே எழுதச் சொல்கிறேன். துரை அதை எங்களுக்குப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். மீன் மாட்டியதிலிருந்து கரைக்கு வரும்வரை, பிடிக்கிறவரைத் தவிர வேறு ஒருவர் கை கோலிலோ நூலிலோ பட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. எவ்வளவு எடை இருந்தாலும் சேராது.

ஜூன் 17, திங்கள்

மழை மேலே பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆட்டுக்கு ஆலந்தழை ஒடித்துப் போட்டேன்.

அலமேலு முதல் நாள் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, "அடுப்புப் பாத்தது சமையக்காரர் குப்புன்னுதான நீ எப்பவும் சொல்லுவ? சித்தப்பா எதுக்கு அடுப்புப் பாக்கறாரு?" என்றாள்.

சத்துணவு ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி என்னைக் கேள்வி கேட்கிறாயா என்று சத்தம் போட்டேன். இதை எழுதாதே என்றேன்.

(எழுதிவிட்டேன். அலமேலு.)

ஜூன் 19, புதன்

சரி. தம்பி பரிசலில்தான் இருந்தான். இரண்டு பரிசல்காரர்கள் இல்லாமல் ஏழுபாறை மடுவுக்குள் யாரும் போகமாட்டார்கள். ஒருவன் துடுப்பு, ஒருவன் மூங்கில். கொடிக்கால் பாறையில் பரிசல் உரசாமல் மூங்கிலால் ஊன்றித் தள்ளுவது அவன் வேலை. அவனுக்கு அப்போது இருபத்தி ஆறு வயது. சாலம்மாவைக் கட்டி இரண்டு வருஷம்.

அவன் ஆற்றில் போனது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. துரையின் கணக்குப்பிள்ளை இரண்டு காகிதம் எழுதினார். ஒன்று மீனுக்கு, ஒன்று போலீஸுக்கு. இரண்டிலும் கட்டை விரல் வைத்தேன். எழுத்து தெரியாதவன், வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன். அதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 20, வியாழன்

பரிசலுக்குத் தார் பூசினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூன் 22, சனி

அலமேலு நேற்று முழுக்க என்னிடம் பேசவில்லை. இன்று உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஒனக்கு எழுத்துதான் தெரியாது. காது நல்லாத்தான கேக்கும்? அந்தக் காகிதத்தை அவுரு படிச்சுக் காட்டாமயா கைநாட்டு வாங்குனாரு?"

படித்துக் காட்டினார். எனக்கு ஒரு தரம் கேட்டால் போதும். அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்:

"மேற்படி தீர்த்தகிரி என்பவர் ஞாயிற்றுக்கிழமை இரவு சுமார் ஒன்பது மணி அளவில், கள்ளச்சாராயம் அருந்திய நிலையில், தேர்தல் முடிவுகளைக் கேட்ட உற்சாகத்தில் தனியாக ஆற்றங்கரைக்குச் சென்று, கால் இடறி நீரில் விழுந்து இறந்துபோனார் என்பதை, உடன்பிறந்த அண்ணனாகிய நான் அறிவேன். இதில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை."

என் தம்பி குடிக்கமாட்டான். அலமேலு பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ச் சோறு வடித்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

நாளைக்கு. சட்டை துவைத்துப் போட்டிருக்கிறது. ஈரம் காயவில்லை.

ஜூன் 26, புதன்

பஞ்சாயத்து நூலகத்தில் விசாரணை. கழகத்திலிருந்து பிரமீளா மேடம் வந்தார். சாதனைப் புத்தகம் அவர் பொறுப்பாம். அறுபது வயது இருக்கும், நல்ல தமிழ் பேசினார். மனுப் போட்ட ராகவ் இளந்தாரி, கையில் காப்பு. நாணய்யா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வெளியே பெருமாள் முதற்கொண்டு பாதி ஊர் நின்றது. சாலம்மா நூறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

"ஐயா, தராசு யாரோடது?"

"ஏலக்கா மண்டித் தராசு. சுருள் கம்பி வெச்சது. சனிக்கெழமை அதுல மொதல்ல அரிசி மூட்டையைத் தொங்க விட்டுச் சரி பாத்தோம்."

ராகவ் குறுக்கே வந்தார். "மீனைச் சாக்குல போட்டுத்தானே தூக்கினீங்க? ஈரச் சாக்கு எடை கழிச்சீங்களா தாத்தா?"

"நூத்திப் பத்தொம்பது காட்டுச்சு தம்பி. மீனை எறக்கிட்டு அதே ஈரச் சாக்கைத் தனியாத் தொங்கவிட்டோம். ரெண்டு. மிச்சம் நீங்களே போட்டுக்குங்க. வாய்லருந்து வால் இடுக்கு வரைக்கும் அறுபது அங்குலம். கேம்ப் நாற்காலிப் பக்கத்துல எல்லாரும் மீனுக்குப் பின்னாடி தள்ளி நிக்காம முன்னாடி ஒட்டி நின்னுட்டாங்க, அதான் போட்டோல சிறுத்துத் தெரியுது. மீனோட பெருமை தெரியாத போட்டோகாரன். கணக்குப்பிள்ளை மச்சான்."

வெளியே சிரித்தார்கள். ராகவ்கூடச் சிரித்துவிட்டார். நாணய்யா முகத்தில் தெளிவு வந்தது.

மேடம் போட்டோவை என் முன்னால் வைத்தார்.

"துரை, நீங்க, சமையல்காரர் குப்பு, கணக்குப்பிள்ளை. எல்லாரும் இருக்கீங்க. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்ததுன்னு பின்னாடி எழுதியிருக்கு." பிறகு ஒரு பழைய நோட்டைத் திறந்தார். "இது கேம்ப் நோட்டு. அன்னிக்குக் காலைல எழுதினது. பரிசல்ல மாது, தீர்த்தகிரின்னு ரெண்டு பேர். இவ்வளவு பெரிய மீன் கிடைச்சிருக்கு. படத்துல தீர்த்தகிரி எங்கே?"

"அவர் சமையல் பக்கம் போயிருப்பார்" என்றார் நாணய்யா.

"சமையல்காரரே படத்துல இருக்காரே சார்."

நான் அந்தப் படத்தை நாற்பத்தியேழு வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. யார் விட்டார்கள் என்று தெரியவில்லை. நான்தான் விட்டிருக்கவேண்டும்.

"தீர்த்தகிரி எங்கேய்யா?"

"ஆத்துக்குள்ள" என்றேன்.

சொன்னேன். மீன் மாட்டி ஒரு மணி நேரம் கழித்து மடுவின் அடிக்குப் போய், நூலைப் பாறை இடுக்கில் மாட்டிவிட்டது. கோல் வளைந்து நின்றது, அசையவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். ஒருவன் நூலைக் கையில் பிடித்துக்கொண்டே அடிவரைக்கும் முங்கிப் போய், பாறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சட்டத்துக்கு அது ஆகாது என்று தெரியும். மற்ற மீன்களுக்கு யார் பார்க்கப்போகிறார்கள் என்று முங்கி எடுத்துவிடுவோம். தம்பி முங்கினான். நூல் விடுபட்டது, ரீல் கத்தியது, மீன் மேற்கே ஓடியது. அவன் வரவில்லை. திங்கட்கிழமை காலை வளைவில் மிதந்தான்.

"உங்க தம்பி கை நூல்ல பட்டுது."

"பட்டுது."

"அவரை இறங்கச் சொன்னது யாரு?"

"தொர" என்றேன்.

மேடம் எழுதுவதை நிறுத்தினார். ராகவ் ஜெயித்தவர் மாதிரி இல்லை. எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

நாணய்யா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "எங்கப்பா அப்பிடிச் சொல்ற ஆள் இல்ல மாதண்ணா." ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மேடம் எழுதியதைப் படித்துக் காட்டினார். கட்டை விரல் வைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

காலையில் சாலம்மாவே வந்தாள். வேலைக்குப் போகிற கூடையும் மண்வெட்டியும் கையில். ஊரே அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தது. அலமேலு உள்ளே போகப் பார்த்தாள். "நீயும் இரு பாப்பா" என்றாள் சாலம்மா.

"ஞாயித்துக்கெழம ராத்திரி வுழுந்த ஒடம்பு திங்கக்கெழம காலைல மெதக்காது மாமா. எங்கப்பனும் பரிசக்காரந்தான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கும்மா கேக்கல?"

"ஞாயித்துக்கெழம நான் அவருக்குச் சோறு எடுத்துக்கினு கேம்ப்புக்கு வந்தேன். நெனப்பு இருக்குதா? அக்கரைக்குப் போயிருக்கான், சாயங்காலம் வருவான்னு சொன்னீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க. அப்பிடிச் சொன்னவரை எப்பிடிக் கேக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சோற்றை நான் வாங்கிக்கொண்டேன். கருவாட்டுக் குழம்பு. அதைக் குப்புவும் நானும் தின்றோம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"தொரையா எறங்கச் சொன்னாரு?"

அலமேலு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா."

"அந்த மனுசன் வருசம் தவறாம பொடவ குடுத்து அனுப்புவாரு. செத்துப்போற வரைக்கும். ஒண்ணுகூடக் கட்டல, பொட்டியில கெடக்குது. ஏனோ மனசு வரல." மண்வெட்டியைத் தோளில் வைத்தாள். "இப்பத்தான் வெளங்குது."

ஜூலை 1, திங்கள்

சாலம்மா இருபத்தியேழு புடவையையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தாளாம். பெருமாள் வந்து சொன்னான். "தூ, கொலைகாரப் பயலேன்னு தொரை பேரைச் சொல்லிக் காறித் துப்புச்சு மாதண்ணா. நாங்கூட இனிமே தீர்த்தனைக் குடிகாரன்னு சொல்லமாட்டேன்" என்றான்.

பரிசல் ஓடவில்லை. தண்ணீர் அதிகம்.

ஜூலை 8, திங்கள்

கழகத்துக் கடிதம் வந்தது. பெள்ளியப்பா துரையின் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடையில் குற்றம் இல்லை, பிறர் கை பட்டதால் நீக்கம் என்று எழுதியிருக்கிறதாம். ராகவ் தன் மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம். அந்த இடம் இப்போதைக்குக் காலி.

நாணய்யாவுக்கு அலமேலுவை விட்டுப் போன் போடச் சொன்னேன். எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

விடிந்ததும் அலமேலுவை உட்கார வைத்துவிட்டேன். அடுப்புக்கூட மூட்டவில்லை.

நூல் பாறையில் மாட்டியதும் துரை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். "வேணாம் மாது, இங்க ஆழம் சாஸ்தி. அறுத்துடலாம். போகட்டும்" என்றார். நூலின் மேல் கத்தியை வைத்துவிட்டார்.

ஒரு தடவை அந்த மீன் மேலே வந்து புரண்டதை நான் பார்த்திருந்தேன். முதுகு செம்பு மாதிரி இருந்தது. செதில் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். முப்பத்து நாலு வயது எனக்கு. என் அப்பன், அவன் அப்பன் யாரும் அப்படி ஒரு மீனைப் பார்த்ததில்லை. கோலைத் துரை பிடித்திருந்தார், சரி. ஒரு மணி நேரம் அந்த மீனுக்குப் பின்னால் பரிசலைக் கொண்டுபோனது நான். அது என் மீன் என்று எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதையும் எழுது.

நான் துரையின் கையைப் பிடித்துத் தள்ளினேன். தம்பியைப் பார்த்து, "எறங்குடா" என்றேன்.

"ஆழம்ணா" என்றான்.

"பொம்பளையாடா நீ? எறங்கு."

இறங்கினான்.

ரீல் கத்தியதும் துரை கோலைப் பிடித்தபடியே, "தீர்த்தா, தீர்த்தா" என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டார். கொடிக்கால் பாறைக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு நம்மை ஏமாற்றுவான், அவன் எப்போதும் அப்படித்தான் விளையாடுவான் என்று நான் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேனா என்று கேட்டால், எனக்கு மற்றதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது மட்டும் தெரியவில்லை. பரிசலை மேற்கே திருப்பினேன். மீன் போன பக்கம்.

கரையில் மீனைப் போட்டபிறகுதான் துரையின் காலில் விழுந்தேன். சாலம்மாவுக்குத் தெரியக்கூடாது, நான் சொன்னேன் என்று மட்டும் தெரியக்கூடாது என்று அழுதேன். சாராயம் என்றது கணக்குப்பிள்ளை. வேண்டாம் என்று சொல்லாதது நான். துரை அந்த மீனைத் தன் பேரில் எழுதவே மனமில்லாமல் இருந்தார். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்று சொல்லி எழுத வைத்ததும் நான்.

அலமேலு எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே, "அப்ப அந்த மூணு நாளும் கேம்ப்புல இருந்தவங்க யாரு யாரு இப்ப இருக்காங்க?" என்றாள்.

போய்ச் சேர்ந்தவர்களை எண்ணிச் சொன்னேன். பெள்ளியப்பா துரை, சுனாமி வந்ததற்கு முந்தின மாசம் மைசூரில், நெஞ்சுவலி. கணக்குப்பிள்ளை, கண் தெரியாமல் போய், மகள் வீட்டில். சமையல்காரர் குப்பு, ஆடி பதினெட்டு அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. போட்டோ எடுத்த மச்சானை மஞ்சள்காமாலை கொண்டுபோனது. தம்பி, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, வெயிலில்.

நான் இருக்கிறேன். நான் சொல்லப்போகிறவன், என்னை எண்ணாதே. கேட்கவேண்டியவர்களை மட்டும் எண்ணினால் இனி ஒரே ஆள். சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டேன். அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்விட வேண்டும். இங்கிருந்தே தெரிகிறது, தெருக்கோடியில் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், சாலம்மா.